உறுதி என்று விற்றுப் பெர்மிட் கொடுக்கிறார்கள்

2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியுடன் விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பழைய செயலிகளைக் கொண்ட கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் வயோதிபம் அடைந்துவிட்டன. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள தட்டச்சுக் கடைகள், சிறு அச்சகங்கள், கல்யாணப் படம் பிடிப்போர், கணக்கு எழுதுவோர், என்னைப்போல் எழுத்தால் பிழைப்போர் என்று பலரும் கணினி மாற்ற வேண்டியவர்களாகிவிட்டார்கள். மாற்றியவர்களிடம் புதிய கணினியைப் பற்றிக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பழைய கணினியில் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த மென்பொருள் என்னவாயிற்று என்று கேளுங்கள், முகம் மாறும்.

அந்த முகமாற்றத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கணினி அறிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். மற்றவர்களுக்காக: முன்னர் மென்பொருள் வாங்கினால் இறுவட்டு ஒன்றும் அதன் உறையில் தொடர் இலக்கம் ஒன்றும் தருவார்கள். இலக்கத்தைத் தட்டினால் வேலை முடிந்தது. பின்னர் ‘அக்டிவேஷன்’ வந்தது. இப்போது மென்பொருள் உங்கள் கணினியின் உறுப்புகளைக் கணக்கெடுத்து ஒரு கைரேகை தயாரிக்கிறது. அந்தக் கைரேகையும் தொடர் இலக்கமும் இணையவழியே நிறுவனத்தின் வழங்கிக்குப் போகின்றன. அங்கே பதிவு விழுந்து, அனுமதி திரும்பி வந்தால்தான் மென்பொருள் திறக்கும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி பத்துக் கூறுகளை இப்படிப் பார்த்தது: செயலி, நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு அட்டை முதலியன. அவற்றில் பல ஒன்றாக மாறிவிட்டால், ‘இது வேறு கணினி’ என்று முடிவு செய்து மீண்டும் அனுமதி கேட்டது. கணினியோடு கூடவே வரும் விண்டோஸுக்கு இன்றும் நிலைமை கடினமே. அது அந்தக் கணினிக்கே உரியது. தாய்ப்பலகையை நீங்களாக மாற்றிவிட்டால், விதிப்படி அது புதிய கணினி.

ஆகவே, நீங்கள் வாங்கியது உங்களைத் தொடர்ந்து வருவதில்லை. பச்சை நிறத்தில் ஈயம் ஒட்டிய ஒரு பலகையைத் தொடர்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். அம்பாறையில் காணி என்று பேச்செடுத்தால் முதற்கேள்வி ‘உறுதியா, பெர்மிட்டா?’ என்பதுதான். நொத்தாரிசு முன் எழுதிய உறுதிக் காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாக எழுதலாம். 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணியை அரசின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு இந்த வேறுபாட்டைத் தெரியாத விவசாயி இங்கே இல்லை. எழுத்தறியாத போடியாரும் பெர்மிட் காணிக்கு உறுதிக் காணியின் விலை கொடுக்கமாட்டார்.

மென்பொருள் நிறுவனங்கள் செய்வது, உறுதி என்று சொல்லி விலை வாங்கிக்கொண்டு பெர்மிட்டைக் கையில் திணிப்பதுதான். பெட்டியின் மேலே ‘வாங்குங்கள்’ என்கிறார்கள். உள்ளே, யாரும் வாசிக்காத நீண்ட உடன்படிக்கையில், ‘இது விற்கப்படவில்லை, உரிமமே வழங்கப்படுகிறது’ என்கிறார்கள். பெர்மிட் என்று சொல்வதுகூடப் பெர்மிட்டுக்கு அவமரியாதை. பெர்மிட்காரர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கும் பெயர் குறித்த பின்னுரித்தாளிக்கும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இடி விழுந்து எரிந்த கணினியோடு வந்த உரிமத்திற்குப் பின்னுரித்தாளி இல்லை.

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் வியாபாரம் பற்றிய பயான்களைக் கேட்டவர்களுக்கு விற்பனை வேறு, வாடகை வேறு என்பது தெரியும். விற்றால் பொருள் வாங்கியவனுடையது. அதன் நன்மையும் அவனுக்கு, நட்டமும் அவனுக்கு. வாடகைக்கு விட்டால் பொருள் சொந்தக்காரனுடையது. கூரை ஒழுகினால் செப்பனிடுவது அவன் கடமை, வீடு இடிந்தால் வாடகை நின்றுவிடும். இவர்கள் இரண்டிலும் தமக்கு வாய்ப்பானதை எடுத்துக்கொள்கிறார்கள். விலையை விற்பனைபோல் முழுதாக வாங்குகிறார்கள். உரிமையை வாடகைபோல் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். நட்டத்தை மட்டும் வாங்கியவன் தலையில் வைக்கிறார்கள். எந்தச் சந்தையிலும் இப்படி ஒரு மாடு விற்க முடியாது.

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைவிட மோசமானவை ஊரில் உண்டு. பத்திரிகைப் பணியில் எடுத்த பேட்டிகளின் ஒலிநாடாக்களைக் கணினிக்கு ஏற்றி, இரைச்சல் நீக்கித் தொகுப்பதற்காக ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் தப்பித்துக்கொள்ளும். அந்த நாடாக்களில் பேசியவர்களில் பலர் இன்று மையவாடியிலும் மயானத்திலும் இருக்கிறார்கள். மீன் வாடிகளில் எடுத்த பேச்சுகள், மருதமுனைத் தறிகளின் ஓசைக்கு நடுவே நெசவாளர் சொன்னவை, அகதி முகாமில் ஒரு தாய் விட்டுவிட்டுப் பேசியது. ஒரே நாடாவைப் பலநாள் கேட்டு வெட்டி ஒட்டிய தொகுப்புகள் எல்லாம் அந்த மென்பொருள் மட்டுமே திறக்கும் கோப்புகளாக இருந்தன.

மாரி தொடங்கும் மாதங்களில் எங்கள் கரையில் இடியும் மின்னலும் தாராளம். ஒரு நாள் மின்னலுக்குப் பின் கணினி எழும்பவில்லை. பழுது பார்க்கும் தம்பி திறந்து பார்த்து, “போர்ட் எரிஞ்சிட்டு சேர், இனிச் சரிவராது” என்றார். புதுக் கணினி வாங்கி, மென்பொருளை நிறுவி, பத்திரமாக வைத்திருந்த தொடர் இலக்கத்தைக் கொடுத்தேன். அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. வழி என்ன? பழைய கணினியில் மென்பொருளைத் திறந்து, அங்கிருந்து உரிமத்தை விடுவித்துவிட்டு வர வேண்டுமாம்.

அதாவது, மௌத்தானவரை எழுப்பிக் கையொப்பம் வாங்கி வா என்கிறார்கள்.

எழுதினேன். முதற்பதில் இயந்திரம் அனுப்பியது, அதே அறிவுரை. மீண்டும் எழுதினேன். பழைய கணினியின் திரையைப் படம்பிடித்து அனுப்பும்படி கேட்டார்கள். எரிந்த தாய்ப்பலகையைப் படம்பிடித்து அனுப்பினேன். திரையில் காட்ட அதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. மூன்றாவது பதிலில், நான் வைத்திருப்பது பழைய பதிப்பு, அதற்கு ஆதரவு இல்லை, புதிய பதிப்பைச் சலுகை விலையில் வாங்கலாம் என்றார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி இலக்கம் ஒன்றும் தந்திருந்தார்கள். அது அவர்களுடைய நாட்டுக்குள் மட்டும் கட்டணமில்லாதது. இலங்கையிலிருந்து எடுத்தால் மணியே அடிப்பதில்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த அதே தம்பி சொன்னார்: “ஏன் சேர் கஷ்டப்படுறீங்க? கிரெக் போட்டுத் தாறன். அஞ்சு நிமிஷ வேலை.”

இந்த ஏற்பாடு முழுவதன் பொய்யும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. திருட்டைத் தடுப்பதற்கென்று பூட்டைக் கண்டுபிடித்தார்கள். திருடிய பிரதியில் பூட்டு இல்லை. அதை உடைத்துத்தான் கடைக்கே கொண்டுவருகிறார்கள். விலை கொடுத்து வாங்கியவன் மட்டும் வாசலில் நின்று தன் வீட்டுச் சாவிக்கு மனுப் போடுகிறான்.

இது எங்கள் கடைத்தெருவின் கதை மட்டுமன்று. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த கதையைப் பாருங்கள். தனியாட்கள் வாங்கும் பிரதிகளுக்கு அக்டிவேஷன் வைத்த மைக்ரோசொஃப்ட், மொத்தமாக வாங்கும் பெருநிறுவனங்களின் பிரதிகளுக்கு அதை வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான கணினிகளை ஒவ்வொன்றாக அனுமதி வாங்கி ஓட்டப் பெருநிறுவனங்கள் சம்மதித்திருக்குமா? அப்படியான மொத்த உரிமம் ஒன்றின் சாவி 2001-இல், எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே, வெளியே கசிந்தது. உலகமெங்கும் திருட்டுப் பிரதிகள் அந்த ஒரே சாவியால் திறந்தன. 2002-இல் வந்த முதலாவது சேவைப் பொதியில் நிறுவனம் அதை மறித்தது உண்மைதான். ஆனால் பெரியவர்களின் வாசலால் திருட்டு நுழைந்தபோது, சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டவர்கள் சின்னவர்கள். சோதனைச் சாவடி பற்றிக் கிழக்கு மாகாணத்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சரியான அடையாள அட்டை வைத்திருந்தவர்தான் வரிசையில் அதிக நேரம் நின்றார்.

‘உங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேரும் திருட்டு மென்பொருள்தானே பாவிக்கிறீர்கள், உங்களுக்கு என்ன முறைப்பாடு?’ என்று கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. திருட்டுப் பிரதிகள் எங்கள் ஊரில் தாராளம்; நான் மறுக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. மென்பொருள் எழுதுபவனும் கூலிக்காரன்தான். என் கட்டுரையைப் பெயரின்றி எடுத்துப் போட்டவர்கள்மீது எனக்கு வந்த கோபம் அவனுக்கும் வரவேண்டும். ஆனால் இங்கே நான் பேசுவது வாங்கியவர்களைப் பற்றி. மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, பக்கத்துக் கடைக்காரன் சிரிக்கச் சிரிக்க, நேர்மையாக இருப்போம் என்று முடிவெடுத்தவர்களைப் பற்றி. அவர்களில் ஒருவர் கணினி மாற்றும்போது இப்படி அலைக்கழிக்கப்பட்டால், அடுத்த முறை வாங்குவாரா? கிரெக் விற்பவனுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேறெவரும் செய்துகொடுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி இந்த விடயத்தில் எழுதுவது பொருத்தமா என்று தயங்கினேன். இலங்கையில் அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க மனிதரைத் தேடிய நாட்களில் கணினியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, பேசியிருக்கவும் கூடாது. எழுதத் துணிந்ததற்குக் காரணம் அதற்குப் பின் நடந்தது. உறுதிகளும் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் தண்ணீரோடு போயிருந்தன. ‘உறுதியைக் காட்டாவிட்டால் காணி இல்லை’ என்று எவரும் சொல்லவில்லை. உறுதியின் பதிவு காணிப் பதிவகத்தில் இருக்கிறது, பிரதி எடுக்கலாம். உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதற்குக்கூட 2005-இல் பாராளுமன்றம் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை இயற்றியது. தாமதங்களும் இழுத்தடிப்புகளும் நிறைய இருந்தன. அவற்றை அன்றே எழுதியிருக்கிறேன். ஆயினும் கடதாசி அழிந்தால் உரிமை அழிவதில்லை என்ற அடிப்படையை அரசு ஏற்றுக்கொண்டது. எங்கள் அரசே ஏற்றுக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே அடிப்படை எங்கள் புலமைச்சொத்துச் சட்டத்திலும் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டம், கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சட்டப்படி சொந்தமாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பாவிக்க முடியாமல் போனாலோ ஈடு செய்வதற்காக ஒரு பிரதி எடுத்து வைக்க இடந்தருகிறது. அக்டிவேஷன் இந்த ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் செல்லாக்காசாக்கிவிட்டது. பிரதி எடுத்து வைக்கலாம், தாராளமாக. எடுத்து வைத்த பிரதி திறப்பதற்குக் கடல் கடந்து ஒரு வழங்கியின் அனுமதி வேண்டும். நாட்டின் சட்டம் தந்ததை ஒரு நிறுவனத்தின் நிரல் பறித்துக்கொள்கிறது. நாம் அதைத் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று பெயரிட்டுச் சகித்துக்கொள்கிறோம்.

அந்த வழங்கியே இல்லாமற் போனால்? இது கற்பனையன்று. அடொபி நிறுவனம் 2003-இல் போட்டோஷொப் சிஎஸ்ஸுடன் அக்டிவேஷனைக் கொண்டுவந்தது. சிஎஸ்2-க்கான வழங்கிகளைச் சில ஆண்டுகளின் பின் நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக அக்டிவேஷன் தேவைப்படாத பிரதியை 2013-இல் பதிவிறக்கத்திற்கு வைத்தது. அது மரியாதையான செயல், சொல்லத்தான் வேண்டும். பின்னர் அந்த வாசலும் மூடப்பட்டது. சிஎஸ்2, சிஎஸ்3 ஆகியவற்றை மூல இறுவட்டு கையில் இருந்தாலும் இனி மீள நிறுவ முடியாது, வழங்கிகள் ஓய்வு பெற்றுவிட்டன என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. காசு கொடுத்தவரின் இறுவட்டு இப்போது தோட்டத்தில் காகம் விரட்டத் தொங்கவிட உதவும். எங்கள் வட்டைகளில் நெல்லுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

இதற்கெல்லாம் விடை சந்தா என்கிறார்கள். 2013-இல் அடொபி பெட்டியில் விற்பதைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எந்தக் கணினியிலும் உள்நுழையலாம், மாற்றும் தொல்லை இல்லை என்பது வாதம். உண்மைதான், தொல்லை குறைவு. ஆனால் சந்தா டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 350-ஐத் தாண்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. சம்பளம் கூடவில்லை, மின்சாரம் இல்லை, சந்தா மட்டும் ரூபாயில் ஏறக்குறைய இரட்டித்தது. கட்டாவிட்டால் பத்து வருட வேலைகளின் கதவு மூடிவிடும். சொந்தமாக வாங்கி வைத்திருந்தால் அந்த வருடத்தைப் பழைய பதிப்போடு கடத்தியிருப்போம். ஏழை நாட்டவனுக்குச் சொந்தம் என்பது ஆடம்பரமன்று; கெட்ட காலத்தைத் தாண்டுவதற்கான சேமிப்பு.

மேலைநாட்டு நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் வேர்னர் எதிர் ஓட்டோடெஸ்க் வழக்கில் 2010-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பழைய மென்பொருள் பெட்டியை மறுவிற்பனை செய்தவருக்கு எதிராகத் தீர்த்தது: அவர் கையில் இருந்தது சொந்தப் பிரதி அன்று, உரிமம் மட்டுமே என்றது. 2012 ஜூலை 3-ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், யூஸ்ட்சொஃப்ட் வழக்கில், காலவரையறையின்றி ஒரு விலைக்குக் கொடுத்தால் அது விற்பனைதான், பதிவிறக்கிய பிரதியையும் மறுவிற்பனை செய்யலாம், விற்பவர் தம் பிரதியைச் செயலிழக்கச் செய்தால் போதும் என்றது. கலிபோர்னியா மாநிலம் 2025 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், உரிமம் மட்டுமே தருவதானால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பாவிக்க முடியாது என்று வைத்திருக்கிறது. மென்பொருள் பிறந்த மண்ணிலேயே இந்தச் சொல்லை மோசடியென ஒத்துக்கொண்டு தடுக்கிறார்கள். இங்கே இன்னும் அதே சொல்லுக்கு முழுக்காசு கொடுக்கிறோம்.

எதிர்ப்புக்கு இவர்கள் பணிவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வருமானவரி மென்பொருள் ஒன்றுக்கு இன்ருயிட் நிறுவனம் இப்படிப் பூட்டுப் போட்டது. வாடிக்கையாளர் கொதித்தெழுந்தார்கள், 2003-இலேயே கைவிட்டது. அவர்கள் கொதித்ததற்குக் காரணம் அவர்களிடம் தொலைபேசி இலக்கம் வேலை செய்தது. கொழும்பிலிருந்தே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, ஒவ்வொருவராகத் தமக்குள் புழுங்குகிற நாங்கள் அவர்களுடைய கணக்கில் இல்லை.

என் நாடாக்களை இப்போது ஒடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருளில் மீண்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கணினியை எத்தனை தடவை மாற்றினாலும் கூட வரும். பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸும் எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸும் இருக்கின்றன. யூனிகோட் தமிழை இரண்டும் ஒழுங்காகக் காட்டுகின்றன, ஸ்கிரைபஸ் 1.5.3 பதிப்பிலிருந்துதான் தமிழைக் கையாளக் கற்றது என்பதால் பழைய பதிப்பைப் பார்த்துச் சலித்தவர்கள் மீண்டும் பார்க்கலாம். ஆனால் ‘பிடிக்காவிட்டால் இலவசத்தைப் பாவியுங்கள்’ என்பது காசு கொடுத்தவனுக்குப் பதிலாகாது. நாடாவிலிருந்து ஒலியை மீண்டும் எடுக்கலாம். வெட்டி ஒட்டிய மாதங்களை எதிலிருந்து எடுப்பது? அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிட்ட நாடாக்களும் உண்டு. அந்தத் தாயின் பேச்சு அவற்றில் ஒன்று.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம், பொருட்களின் உறையில் என்ன எழுதவேண்டும் என்று வணிகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. பால்மாப் பெட்டியில் காலாவதித் திகதி வேண்டும் என்று கேட்கும் நாடு, இலங்கையில் விற்கும் மென்பொருளின் உறையிலும் பற்றுச்சீட்டிலும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இவற்றை எழுதச் சொல்லலாம்: கணினி மாற்றினால் இது கூட வருமா, எத்தனை முறை, பழைய கணினி அழிந்துவிட்டால் யாரிடம், எத்தனை நாளில், வழங்கியை மூடும் நாளில் பூட்டில்லாப் பிரதி தருவீர்களா, மாட்டீர்களா. மாட்டோம் என்றால் அதையும் எழுதட்டும். பெர்மிட் என்று தெரிந்தே பெர்மிட்டின் விலையைக் கொடுப்போம்.

இந்தக் கோரிக்கையைக் கடிதமாக எழுதி அதிகாரசபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்தால் முழுதாக இங்கே வெளியிடுவேன்.